ஆலோசனையும் ஆணையும்: மைய வங்கிகளில் ஆலோசனைக் குழுக்களின் இடம்

முன்னுரை

வங்கி ஒன்று கப்பல்களை ஒரு நிறுவனத்திற்கு வாடகைக்கு விடுகின்றது. வாடகைக் காலம் முடிவுற்றதும் கப்பல்கள் அந்நிறுவனத்திற்கே உரிமையாகும் என்பது ஏற்பாடு. இடைக்காலத்தில் கப்பல்களுக்குப் பெரும் பராமரிப்புப் பணிகள் தேவைப்படுகின்றன. அவற்றைச் செய்ய வேண்டியவர், உரிமையாளராக உள்ள வங்கியா, கப்பலைக் கொண்டு வருமானம் ஈட்டும் நிறுவனமா? வங்கி அப்பணிகளைச் செய்யாமையால் கப்பல்கள் முடங்கின, ஆதலால் தவணை செலுத்த இயலவில்லை என்றது நிறுவனம். பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பே என ஒப்பந்தத்தின் ஒரு விதி கூறுகின்றது என்றது வங்கி. ஒப்பந்தம் இசுலாமிய நிதிமுறையில் அமைந்ததாகலின், அவ்விதி இசுலாமிய வணிக நெறிக்கு ஏற்றதா என்னும் வினா எழுந்தது.

இவ்வழக்கு மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தை அடைந்தபோது ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அதனை விசாரித்தனர். 2019 ஏப்ரலில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து தீர்ப்பளித்தனர். ஆயின் அவர்களைப் பிரித்தது கப்பலன்று. பேங்க் நெகாரா மலேசியாவின் ஷரியா ஆலோசனை மன்றம் கூறும் கருத்து ஒரு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தலாமா என்பதே அவர்கள் முன்னிருந்த சிக்கல். பெயரில் ‘ஆலோசனை’ என்றிருக்கும் ஓர் அமைப்பின் சொல் நீதிபதிக்கு ஆணையாவது எவ்வாறு?

மைய வங்கிகளும் நிதித்துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளும் உலகெங்கும் ஆலோசனைக் குழுக்களை வைத்துள்ளன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உறுப்பினரின் தகுதியையே எடுத்துரைப்பர். தகுதி வேண்டியதே. எனினும், ஒரு குழுவின் உண்மையான வலிமையை அறிய வேண்டுமாயின், அதன் கருத்து ஏற்கப்படாதபோது என்ன நிகழ்கிறது என்பதைப் பார்த்தல் வேண்டும் என்பது நமது கருத்து. மறுத்தவர் காரணம் கூறக் கடமைப்பட்டவரா? அக்காரணம் எழுத்தில் உள்ளதா? அதனைப் பிறர் படிக்க இயலுமா? இக்கேள்விகளைக் கொண்டே இக்கட்டுரை அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா, மலேசியா ஆகிய நாடுகளின் பட்டறிவை நோக்குகின்றது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ‘ஆலோசனை’ என்பது பலர் கூடிக் கலந்தாய்தலையும் குறிக்கும். ஒருவர் மற்றவர்க்குக் கூறும் அறிவுரையையும் குறிக்கும். முதற்பொருளில் முடிவெடுப்போரும் அவ்வாய்வின் ஓர் அங்கம். இரண்டாம் பொருளில் சொல்பவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு. ‘ஆலோசனைக் குழு’ என்று நாம் கூறும்போது எப்பொருளைக் கருதுகிறோம் என்பது தெளிவாக இருப்பதில்லை. பின்வரும் வரலாற்றிலும் இம்மயக்கத்தைக் காணலாம். திருக்குறளின் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் இம்மயக்கம் இல்லை. அங்கே துணையைத் தேடிக்கொள்ளும் கடமை அரசனுடையது. தேடாமையால் வரும் கேடும் அவனுடையதே.

இருக்கைக்கு மாற்றாக ஒரு மன்றம்

அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வ் அமைப்பைத் தோற்றுவித்த சட்டம் 1913 டிசம்பர் 23-ஆம் நாள் கையெழுத்தானது. அதற்கு முந்தைய மாதங்களில் கடும் விவாதத்திற்குரியதாக இருந்தவற்றுள் ஒன்று, வாஷிங்டனில் அமையவிருந்த மைய வாரியத்தில் வங்கியாளர்க்கு இடமுண்டா என்பதாகும். சட்டத்தை வடிவமைத்தவர்களுள் முதன்மையான கார்ட்டர் கிளாஸ் வங்கியாளர்க்குச் சில இருக்கைகள் தரலாம் என்றே முதலில் எண்ணினார். அதிபர் உட்ரோ வில்சன் அதற்கு இணங்கவில்லை. ஒழுங்குபடுத்தப்படுவோரே ஒழுங்குபடுத்தும் அவையில் அமர்தல் தகாது என்பது அவர் நிலைப்பாடு. இறுதியில் வங்கியாளர்க்குக் கிடைத்தது அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு உருவாக்கிய ஃபெடரல் ஆலோசனை மன்றம். பன்னிரண்டு ரிசர்வ் மாவட்டங்களிலிருந்தும் மாவட்டத்திற்கு ஒருவராகப் பன்னிருவர்; ஆண்டுக்கு நான்கு முறையேனும் வாஷிங்டனில் கூட்டம்; வாரியத்திடம் நேரில் உரையாடவும், கருத்துரைக்கவும், விவரம் கேட்கவும் உரிமை. முடிவெடுக்கும் உரிமை இல்லை. இம்மன்றம் இன்றும் இயங்கி வருகிறது.

அதாவது, இங்கு ஆலோசனைக் குழு அறிவுத்தேவையால் மட்டும் பிறக்கவில்லை. மறுக்கப்பட்ட அதிகாரத்திற்கு ஈடாகவும் பிறந்தது. நிதித்துறை ஆலோசனைக் குழுக்கள் பலவற்றின் பிறப்பிலும் இக்கூறு உண்டு. ஒரு தரப்பை முற்றிலும் ஒதுக்கவும் இயலாது, உள்ளே அமர்த்தவும் இயலாது என்னும் நிலையில் அரசு கண்டெடுக்கும் நடுவழி இது.

இம்மன்றத்தின் வலிமையும் வலிமையின்மையும் 1929-இல் வெளிப்பட்டன. பங்குச் சந்தையின் வெறியைத் தணிக்க, வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி வீதத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்த நியூயார்க் ரிசர்வ் வங்கி மீண்டும் மீண்டும் அனுமதி கேட்டது. வாரியம் மறுத்து வந்தது. வட்டியை உயர்த்தாமல், ஊகவணிகத்திற்குக் கடன் தரும் வங்கிகளை நேரடியாக நெருக்கினால் போதும் என்றது. ஆலோசனை மன்றம் முதலில் வாரியத்தின் பக்கம் நின்றது. பின்னர், அவ்வாண்டு இளவேனிற்காலத்தில், மனம் மாறி வட்டி உயர்வைப் பரிந்துரைத்தது. வாரியம் இணங்கியது ஆகஸ்டில்தான். அக்டோபரில் சந்தை சரிந்தது. முன்னரே உயர்த்தியிருந்தால் சரிவு தடுக்கப்பட்டிருக்குமா என்பதில் பொருளியலறிஞர் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். நாமும் அதில் புகவில்லை. இங்குக் கருதத்தக்கது, மன்றத்தின் பரிந்துரையை ஏற்காமைக்குரிய காரணத்தை உரிய காலத்தில் நாட்டிற்குக் கூறும் கடமை எதனையும் சட்டம் வாரியத்தின்மீது சுமத்தவில்லை என்பதே.

கேட்குரிமை என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும் எத்துணை மெலிந்தது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் நிறுவப்பட்ட நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிற்கு ஆலோசனை வாரியம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டளையிட்டது. 2018 ஜூனில் அமைப்பின் தற்காலிக இயக்குநர் அவ்வாரியத்தின் 25 உறுப்பினரையும் ஒருசேர நீக்கினார். உறுப்பினருள் சிலர் தங்கள் கூட்டங்கள் தள்ளிவைக்கப்படுவது குறித்துப் பொதுவெளியில் குறை கூறியிருந்தனர். வாரியம் இருத்தல் வேண்டும் என்றே சட்டம் கூறியது. இன்னார் இருத்தல் வேண்டும் என்று கூறவில்லை.

காரணத்தை எழுதித் தருதல்

பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டு நிதிச்சேவை மற்றும் சந்தைகள் சட்டம் இவ்வகையில் ஒரு படி முன்னேறிச் சென்றது. அக்காலத்து ஒழுங்குமுறை ஆணையம் இரு குழுக்களை அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. ஒன்று தொழில் நடத்துவோரின் குழு; மற்றொன்று நுகர்வோரின் குழு. இவற்றின் கருத்துகளை ஆணையம் கருத்தில் கொள்ள வேண்டும் என்றதோடு நில்லாமல், கருத்தை ஏற்காவிடின் அதற்குரிய காரணங்களை எழுத்து வடிவில் அக்குழுவிற்குத் தர வேண்டும் என்றும் 11-ஆம் பிரிவு விதித்தது. சிறிய விதிதான். ஆனால் ஆலோசனையின் இலக்கணத்தையே அது மாற்றிவிடுகிறது. ‘கேட்டோம்’ என்று சொல்லிக் கடந்துபோக இயலாது. ‘ஏன் ஏற்கவில்லை’ என்று ஓர் அலுவலர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். எழுதத் தொடங்கியபின்தான் தம்மிடம் காரணம் இல்லை என்பதை ஒருவர் உணர்வதும் உண்டு. மாணவரின் ஆய்வேடுகளை மேற்பார்வை செய்வோர் இதனை நன்கறிவர்.

2012-இல் அவ்வாணையம் கலைக்கப்பட வழிசெய்து இயற்றப்பட்ட சட்டத்தில், புதிய நடத்தை ஆணையத்தின் கடமை சற்றுத் தளர்ந்தது. கருத்துகளைப் பரிசீலித்து, அவ்வப்போது மறுமொழிகளை வெளியிட வேண்டும் என்பதே அதன் வடிவம். மறுமொழி பொதுவெளிக்கு வருவது நன்மை. ஒவ்வொரு மறுப்பிற்கும் தனித்தனிக் காரணம் என்னும் கட்டாயம் தளர்ந்தது இழப்பு என்றே நாம் கருதுகிறோம்.

அதே நாட்டில், மைய வங்கியே ஆலோசகராக இருந்த ஒரு காலமும் உண்டு. 1997 வரை இங்கிலாந்து வங்கிக்கு வட்டி வீதத்தை முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. நிதியமைச்சரே முடிவு செய்தார், வங்கியின் ஆளுநர் அறிவுரை கூறினார். கென்னத் கிளார்க் நிதியமைச்சராக இருந்தபோது, 1994-இலிருந்து இருவரின் மாதாந்திரச் சந்திப்பின் குறிப்புகள் சில வாரங்கள் கழித்து வெளியிடப்பட்டன. அதிகாரப் பங்கீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆயினும் அமைச்சர் ஆளுநரின் கருத்தைத் தள்ளினால் நாடே அதை அறியும் என்ற நிலை உருவாயிற்று. 1995 மே மாதம் ஆளுநர் எட்டி ஜார்ஜ் வட்டியை உயர்த்துமாறு கூறினார். கிளார்க் மறுத்து 6.75 விழுக்காட்டிலேயே நிறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் வட்டி குறைக்கப்படும் நிலைக்குப் பொருளாதாரம் தணிந்திருந்தது. ஆக, நிபுணர் தவறினார், அரசியலாளர் சரியாகக் கணித்தார் எனலாம்.

வெளிநாட்டில் ஆய்வு செய்த நாள்களில் இக்குறிப்புகளை நூலகத்தில் முதன்முறை படித்தபோது நம்மைக் கவர்ந்தது இதுவே. குறிப்புகள் வெளியிடப்பட்டமையால் ஆளுநரின் தவறும் பதிவாயிற்று. வெளிப்படைத்தன்மை ஆலோசகரை உயர்த்த மட்டும் வந்ததன்று. அவரையும் கணக்கில் நிறுத்துகிறது. 1997 மே மாதம் புதிய அரசு வட்டி வீத அதிகாரத்தை வங்கிக்கே வழங்கியது.

இந்தியா: ஆளுநரும் குழுவும்

குழு அமைத்தல் இந்திய நிதியாட்சியின் பழைய வழக்கம். சுகமோய் சக்கரவர்த்தி குழு 1985-இல் பணக்கொள்கையையும், நரசிம்மம் குழுக்கள் 1991-இலும் 1998-இலும் வங்கித்துறையையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தன. ஒரு பணிக்காகக் கூடி, அறிக்கை தந்து, கலைந்துபோகும் குழுக்கள் இவை. இவற்றுள் ஒன்றின் கதை நம் வட்டாரத்தோடும் தொடர்புடையது.

முதலீட்டுக் கணக்கில் ரூபாயைத் தடையின்றி மாற்றிக்கொள்ள வழிவகுப்பது பற்றி ஆராய எஸ்.எஸ். தாராபூர் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1997 மே மாத இறுதியில் அறிக்கை அளித்தது. மூன்றாண்டுகளில் படிப்படியாகத் தடைகளை நீக்கலாம் என்றது அக்குழு. ஜூலை 2-ஆம் நாள் தாய்லாந்தின் பாட் வீழ்ந்தது. ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியது. அறிக்கை ஒதுக்கி வைக்கப்பட்டது. அக்குழுவின் சொல்லைக் கேட்டிருந்தால் இந்தியாவும் மூழ்கியிருக்கும் என்று கூறுவோர் உளர். அது முழு நீதியன்று. நிதிப்பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காடாகக் குறைதல், பணவீக்கம் சராசரியாக 3 முதல் 5 விழுக்காட்டுக்குள் அமைதல், வாராக்கடன் 5 விழுக்காடாகச் சுருங்குதல் எனத் தெளிவான முன்நிபந்தனைகளை அறிக்கை விதித்திருந்தது. இவையெல்லாம் எழுத்தில் இருப்பதனாலேயே இன்று அக்குழுவின்பால் நடுநிலையோடு நடந்துகொள்ள இயலுகிறது.

அதே புயல் மலேசியாவைத் தாக்கியபோது அமைச்சரவைக்கு ஆலோசனை கூறும் அமைப்பாகத் தேசியப் பொருளாதார நடவடிக்கை மன்றம் 1998 ஜனவரியில் தோன்றியது. பிரதமரே அதன் தலைவர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் மூலதனக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. சில நாள்களுக்கு முன்பே மைய வங்கியின் ஆளுநர் பதவி விலகியிருந்தார். அம்முடிவின் பின்னணியில் பிரதமருக்கு நோர் முகமட் யாக்கோப் எழுதிய குறிப்புகள் நூலாக வெளிவந்தது 2011-இல். முடிவு பயன் தந்ததா என்பது வேறு விவாதம். அந்த அறிவுரையை மக்கள் படிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும் இங்குக் குறிக்கிறோம்.

நிலையான குழுவிற்கு வருவோம். 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் வட்டி வீதத்தை முடிவு செய்யும் குழு என்று எதுவும் இல்லை. முடிவும் பொறுப்பும் ஆளுநருடையவை. 2005 ஜூலையில், ஒய்.வி. ரெட்டி ஆளுநராக இருந்தபோது, பணக்கொள்கைக்கான தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. ஆளுநர் தலைவர், துணை ஆளுநர்களோடு வெளியிலிருந்து பொருளியலறிஞரும் இடம்பெற்றனர். அவர்கள் கருத்துரைப்பர்; வாக்களிப்பதில்லை. ஆளுநர் கேட்டுக்கொள்வார், பின்னர்த் தாமே முடிவெடுப்பார். மேலே கூறிய சொல்லாய்வின்படி இது அரிய கலவை. கலந்தாய்தலுக்குத் தலைமை தாங்குபவரும் அவரே, அறிவுரையைப் பெறுபவரும் அவரே.

முதல் ஆறாண்டுகள் அக்குழுவில் நிகழ்ந்தவை வெளியுலகிற்குத் தெரியவில்லை. டி. சுப்பாராவ் ஆளுநராக இருந்த காலத்தில், 2011-இலிருந்து கூட்டக் குறிப்புகள் வெளியிடப்பட்டன. ஆனால் அவற்றில் பெயர்கள் இல்லை. ‘ஓர் உறுப்பினர் கருதினார்’, ‘மற்றும் இருவர் பரிந்துரைத்தனர்’ என்ற பாணியிலேயே அவை அமைந்தன. ஆளுநரின் முடிவு உறுப்பினர் பலரின் கருத்திலிருந்து மாறுபட்டதா என்பதைப் படிப்பவர் எண்ணிப் பார்த்து அறியலாம். எவர் எதைச் சொன்னார், சென்ற கூட்டத்தில் சொன்னதையே இப்போதும் சொல்கிறாரா என்று அறிய வழியில்லை.

பெயரில்லாப் பதிவின் வசதியும் குறையும் நமக்கு அயலானவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் பாடநூல் ஆலோசனைக் குழு ஒன்றில் நாம் அமர்ந்திருந்தோம். ஒரு பாடப்பகுதி மாணவரின் வயதிற்கு ஒவ்வாதது என்று நாமும் மற்றோர் ஆசிரியரும் மூன்று கூட்டங்களில் கூறினோம். நூல் அப்பகுதியோடே வெளிவந்தது. அதில் நமக்கு வருத்தமில்லை, நாமே தவறியிருக்கலாம். ஆனால் நூலின் இரண்டாம் பக்கத்தில் ஆலோசகர் பட்டியலில் நம் பெயர் இருந்தது. நம் மறுப்பு எங்கும் இல்லை. பள்ளிகளுக்குச் சென்றபோது அப்பகுதி குறித்து ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளுக்கு நாம் விடை கூற வேண்டியதாயிற்று. பெயரை மட்டும் கடனாகக் கொடுத்துவிட்டு வந்த அந்நிலையை இவ்விதழின் வாசகர் பலர் அறிந்திருப்பர்.

இந்தியாவில் அடுத்த மாற்றம் விரைந்து வந்தது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2013-இலும், உர்ஜித் படேல் குழு 2014 ஜனவரியிலும் வாக்களிக்கும் குழுவொன்றைப் பரிந்துரைத்தன. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, அறுவர் கொண்ட பணக்கொள்கைக் குழு உருவானது. ஆளுநர் உட்பட வங்கியைச் சார்ந்தோர் மூவர். அரசு அமர்த்தும் வெளி உறுப்பினர் மூவர். வாக்குகள் சமமானால் ஆளுநருக்குக் கூடுதல் வாக்கு. பெரும்பான்மை முடிவு வங்கியைக் கட்டுப்படுத்தும். பதினான்காம் நாள் வெளியாகும் குறிப்பில் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் அதற்கான காரணமும் அவரவர் பெயரில் இடம்பெறும். 2016 அக்டோபரில் முதற்கூட்டம் நடைபெற்றது. ரெப்போ வீதம் 6.50-லிருந்து 6.25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

ஆலோசகர் முடிவெடுப்பவராக மாறியதன் விளைவை இரு நிகழ்ச்சிகளில் காணலாம். 2020 செப்டம்பரில் வெளி உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்திருந்தது, புதியவர் அமர்த்தப்படவில்லை. மாத இறுதியில் நடைபெற வேண்டிய கூட்டத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அக்டோபர் தொடக்கத்தில் புதிய மூவர் அறிவிக்கப்பட்டபின்பே குழு கூடியது. பழைய ஆலோசனைக் குழுவில் நாற்காலிகள் காலியாக இருந்திருந்தால் ஆளுநர் தாமே முடிவெடுத்திருப்பார். 2024 ஜூனில் வெளி உறுப்பினர்களான ஜயந்த் வர்மாவும் அஷிமா கோயலும் வட்டியைக் குறைக்க வேண்டுமென வாக்களித்தனர். நால்வர் அவ்வாறே இருக்கட்டும் என்றனர். சிறுபான்மைக் கருத்து தோற்றது. ஆனால் அதன் காரணம் அவ்விருவரின் சொந்தச் சொற்களிலேயே இருப்பதால், பின்னாளில் எவரும் அதனை எடுத்து எடைபோடலாம்.

இவ்வமைப்பிலும் ஒரு மூடிய அறை உள்ளது. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 2 முதல் 6 விழுக்காடு என்னும் எல்லைக்கு வெளியே நின்றால், காரணத்தையும் பரிகாரத்தையும் விளக்கி ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். 2022-இல் முதன்முறையாக அந்நிலை ஏற்பட்டது. நவம்பர் 3-ஆம் நாள் குழு தனியே கூடியது, அறிக்கை அரசுக்கு அனுப்பப்பட்டது, வெளியிடப்படவில்லை. ஒவ்வோர் உறுப்பினரின் ஒவ்வொரு வாக்கிற்கும் காரணத்தை வெளியிடச் சொல்லும் சட்டம், இலக்குத் தவறியதற்கான காரணத்தை மட்டும் இருவருக்கிடையேயான கடிதமாக விட்டுவிட்டது. இதற்குக் கூறப்படும் எந்த விளக்கமும் நமக்கு நிறைவளிக்கவில்லை.

மலேசியா: அறிவுரை கட்டளையானபோது

இனிக் கப்பல் வழக்கிற்குத் திரும்புவோம். 1983-ஆம் ஆண்டு இசுலாமிய வங்கிச் சட்டத்தின்கீழ் பேங்க் இஸ்லாம் மலேசியா அவ்வாண்டு ஜூலையில் செயற்படத் தொடங்கியது. தன் பணிகள் சமய நெறிக்கு ஒத்தவையா எனக் கூறும் அறிஞர் குழு வங்கிக்கு வேண்டும் என்பது தொடக்கத்திலேயே ஏற்கப்பட்ட நெறி. மைய வங்கி அலுவலர் பொருளியலில் வல்லவராயினும் இசுலாமியச் சட்டவியலில் அவ்வாறு இருப்பர் என எதிர்பார்த்தல் இயலாது. பிற வங்கிகளும் இத்துறையில் இறங்கியபோது அறிஞர் கருத்துகள் வேறுபடும் வாய்ப்பும் வளர்ந்தது. ஆகவே 1997 மே மாதம் பேங்க் நெகாராவில் ஷரியா ஆலோசனை மன்றம் அமைக்கப்பட்டது.

அதன் சொல்லின் எடை படிப்படியாகவே ஏறியது. 2003-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், இசுலாமிய நிதித்துறையில் ஷரியா குறித்து உறுதி கூறும் அமைப்பாக அம்மன்றத்தை ஏற்றது. அதன் கருத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். நடுவர்களை மட்டும் அது கட்டுப்படுத்தும் என்ற அளவில் அன்றைய விதி நின்றது. 2008-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வங்கிகளைத் திகைக்க வைத்தது. வீட்டுக்கடனுக்குப் பரவலாகப் பயன்பட்ட தவணை விற்பனை முறையில், கடனாளி தவறும்போது வங்கி முழு இலாபத்தையும் கோருவதை நீதிபதி ஏற்கவில்லை. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நிலைப்பாட்டைத் தள்ளியது. சமய நெறி பற்றிய கருத்தை அத்துறை அறிஞரே கூற வேண்டும், உரிமையியல் நீதிபதிகள் தாமே அதனை முடிவு செய்யலாகாது என்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மலேசிய மைய வங்கிச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் எடையை முழுமையாக்கின. ஷரியா வினா எழுந்தால் நீதிமன்றம் மன்றத்தின் வெளியிடப்பட்ட தீர்மானங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும், அல்லது வினாவை மன்றத்திற்கு அனுப்ப வேண்டும். அனுப்பி வந்த விடை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். மன்ற உறுப்பினரை மாமன்னர் நியமிக்கிறார்.

ஜேஆர்ஐ ரிசோர்சஸ் எதிர் குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் என்னும் கப்பல் வழக்கில் இப்பிரிவுகளே சோதனைக்குள்ளாயின. கூட்டரசு அரசியலமைப்பின் 121-ஆம் விதியின்படி நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுடையது. நீதிபதியைக் கட்டுப்படுத்தும் விடையை மைய வங்கியின் மன்றம் தருமாயின் அவ்வதிகாரம் இடம்பெயர்ந்துவிடுகிறது என்று நிறுவனம் வாதிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. மன்றம் செய்வது இசுலாமியச் சட்டம் இன்னது எனக் கண்டறிதல் மட்டுமே. அதனை வழக்கின் நிகழ்வுகளோடு பொருத்தி, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டவர் என முடிவு செய்வது நீதிபதியே என்றது. தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் உள்ளிட்ட நால்வர் மாறுபட்டனர். வழக்கின் ஒரே பிணக்கு அவ்வொரு வினாவாகவே இருக்கும்போது, அதற்கான கட்டுப்படுத்தும் விடை வழக்கையே முடித்துவிடாதா என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

நீதிபதிகளின் வேறுபாட்டில் தீர்வு கூறும் தகுதி நமக்கில்லை. நாம் சட்டம் பயின்றவரல்லோம். ஒரே வகை ஒப்பந்தத்திற்கு ஒவ்வொரு நீதிமன்ற அறையிலும் ஒவ்வொரு சமய விளக்கம் கிடைப்பது ஒரு தொழிலையே நிலைகுலையச் செய்யும் என்ற கவலை மெய்யானது. ஆயினும் நாம் இதுகாறும் கண்ட அளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்கலாம். கருத்தை மறுப்பவர் காரணம் கூற வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. இங்கே மறுப்பவரே இல்லை. நீதிபதிக்கு மறுக்கும் வழியில்லை. அந்நிலையில் காரணம் கூறும் கடமை மறுப்பவரிடமிருந்து கூறுபவரிடம் மாறுதல் வேண்டும் என்பது நம் துணிபு. இந்தியக் குழுவினர் வாக்குரிமை பெற்ற அன்றே தம் பெயரில் காரணம் எழுதும் கடமையும் பெற்றனர். சாட்சிக் கூண்டில் நிற்கும் நிபுணரை வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யலாம். தீர்ப்பெழுதும் நீதிபதியின் காரணத்தை மேல்முறையீட்டில் ஆராயலாம். கட்டுப்படுத்தும் ஆலோசகர் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறார். வழக்காடுவோர் அவரை எங்ஙனம் அணுகுவது என்பதே நால்வர் தீர்ப்பைப் படிக்கும்போது மேலெழும் கேள்வி.

சென்ற பருவத்தில் இவ்வழக்கை நம் மாணவர்க்குக் கற்பித்தபோது, பெரும்பான்மைத் தீர்ப்பின் மையமாகிய இரு ஆங்கில வினைகளைத் தமிழாக்குமாறு பணித்தோம். ஒன்று, உள்ளதைக் கண்டறிதல். மற்றொன்று, உரிமையை முடிவு செய்தல். ஒன்பது நீதிபதிகளை இருகூறாக்கியது இவ்விரு சொற்களுக்கு இடைப்பட்ட தொலைவே. மாணவரிற் பாதிப்பேர் இரண்டிற்கும் ‘தீர்மானித்தல்’ என்றே எழுதியிருந்தனர். மதிப்பெண் குறைக்க நமக்குக் கை வரவில்லை.